பிரவுசர் ஏன் அப்டேட் கேட்டுக்கொண்டே இருக்கிறது?

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பெயர்தான் ஜெராக்ஸ் கடை. பட்டா நகல், வருமானச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், ரயில் டிக்கெட் என்று ஆன்லைனில் முடிக்க வேண்டிய அத்தனையும் அங்கேதான் நடக்கும். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஒரு நாள் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த குரோம் தினமும் ரீலாஞ்ச் பண்ணு, ரீலாஞ்ச் பண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. பண்ணினாலும் மறுபடி அதேதான் வருது. ஒரேயடியா நிறுத்த வழி இருக்கா?"

"வழி இருக்குண்ணே. ஆனா நிறுத்தக் கூடாது" என்றேன். ஏன் கூடாது என்பதை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டதில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருந்தன. பிரவுசர் எதற்காக இப்படி விடாமல் கேட்கிறது என்பது ஒன்று. சொன்னபடி செய்த பிறகும் ஏன் கேட்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்வி நம் எல்லோருக்கும் பொது. இரண்டாவது அந்தந்தக் கணினியின் கதை.

வந்து சேர்ந்த அப்டேட் ஏன் காத்திருக்கிறது

அப்டேட் அறிவிப்பு வந்தால் இனிமேல்தான் ஏதோ டவுன்லோடு ஆகப்போகிறது, நெட் தீரும், நேரம் பிடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணினியில் குரோம் அப்படி வேலை செய்வதில்லை. விண்டோஸில் குரோமோடு சேர்ந்து ஒரு தனி அப்டேட்டர் நிரலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை அது கூகுளின் சர்வரிடம் புதிய பதிப்பு உண்டா என்று விசாரிக்கும். இருந்தால், நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இறக்கி, பழைய பதிப்பின் ஃபோல்டருக்குப் பக்கத்தில் புதிய எண்ணோடு இன்னொரு ஃபோல்டரில் வைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் கோப்பு மேலேயே புதியதை எழுத விண்டோஸ் விடாது. அதனால் புதிய நிரல் 'நியூ குரோம்' என்ற பெயரோடு ஓரமாகக் காத்திருக்கும். குரோமை முழுதாக மூடித் திறக்கிற நேரத்தில்தான் பெயர் மாறி, பழையது இருந்த இடத்துக்குப் புதியது வரும்.

ஆக, அந்த அறிவிப்பு கண்ணில் படும்போது வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது ஒரு தடவை மூடித் திறப்பது மட்டும்தான். ஆனால் அந்த மிச்சம் நடக்காதவரை, இறங்கிய அப்டேட்டால் ஒரு பயனும் இல்லை. ஓடுவது பழைய பிரவுசர்தான், பழைய பாதுகாப்பு ஓட்டைகளோடு.

மூடாமலே மாற்றிவிட முடியாதா என்று கேட்கலாம். இன்றைய பிரவுசர் ஒற்றை நிரல் கிடையாது. டேப்களுக்கு, எக்ஸ்டென்ஷன்களுக்கு, திரையில் வரைவதற்கு, நெட்வொர்க்குக்கு என்று தனித்தனிப் பிராசஸ்கள் ஓடுகின்றன. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும். பழைய தாய் நிரலும் புதிய டேப் நிரலும் பேசிக்கொள்ள ஆரம்பித்தால் ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியாது. லினக்ஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் திறந்திருக்கும்போதே பின்னணியில் சிஸ்டம் அதன் கோப்புகளை மாற்றிவிட்டால், அடுத்து நீங்கள் திறக்கும் புதிய டேப்பில் இணையப் பக்கம் வராது. தொடர்ந்து பயன்படுத்த ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்ற பக்கம்தான் வரும்.

குரோமின் அறிவிப்புக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. வலது மூலையில் உள்ள குறி முதலில் பச்சை. அப்டேட் வெளியாகி இரண்டு நாளுக்குள் என்று அர்த்தம். நான்கு நாள் ஆகிவிட்டால் ஆரஞ்சு. ஒரு வாரம் தாண்டினால் சிவப்பு. பலருக்கு இந்த நிறங்களுக்குப் பொருள் உண்டு என்பதே தெரியாது, தெரிந்துகொள்ளும்படி அந்தக் குறியின் பக்கத்தில் குரோம் எழுதிக் காட்டுவதும் இல்லை. இது ஒரு பெரிய குறை என்றே நினைக்கிறேன். எத்தனை நாளாக இந்தக் கணினி பழைய பதிப்பில் கிடக்கிறது என்று நேராக எழுதிவிட்டால், முடிவெடுப்பது எவ்வளவு சுலபமாகும்!

ரீலாஞ்ச் பண்ணத் தயங்குவதற்கு நியாயமான காரணமும் உண்டு. திறந்திருந்த டேப்கள் மீண்டும் வரும், ஆனால் இன்காக்னிட்டோ விண்டோக்கள் வராது. பாதி நிரப்பிய படிவம் போய்விடலாம். கட்டணம் செலுத்தும் பக்கத்தில், ஓடிபிக்குக் காத்திருக்கும் நேரத்தில் மூடினால் பணம் போயிற்றா இல்லையா என்ற தவிப்பு வேறு. இருபது பேர் வரிசையில் நிற்கும் கடையில் ஒருவர் 'பிறகு' என்பதை அழுத்துகிறார் என்றால் அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அவசரம் எங்கிருந்து வந்தது

இருபது ஆண்டுக்கு முன் பிரவுசர் இப்படிக் கேட்டதே இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001இல். அடுத்த பதிப்பான 7 வர 2006 ஆயிற்று. அந்த ஐந்து ஆண்டில் இணையம் எவ்வளவோ மாறிவிட்டது, பிரவுசர் அப்படியே நின்றது. பழைய பதிப்பு அதற்குப் பிறகும் பல வருடம் லட்சக்கணக்கான கணினிகளில் ஓடியது. 2009இல் யூடியூபின் சில பொறியாளர்கள் பொறுமை இழந்து, அந்தப் பிரவுசரில் வருகிறவர்களுக்கு மட்டும் 'உங்கள் பிரவுசருக்கான ஆதரவை விரைவில் நிறுத்தப்போகிறோம்' என்று ஒரு பட்டையைத் தாங்களாகவே தளத்தில் போட்டுவிட்டார்கள். மேலிடத்தில் முறையாக அனுமதி கேட்கவில்லை. அவர்களில் ஒருவரான கிறிஸ் ஜக்கரியாஸ் பத்தாண்டு கழித்து, 2019இல், இந்தக் கதையை வெளியே சொன்னார். பிரவுசரை மாற்றச் சொல்லி ஓர் இணையதளமே கேட்ட காலம் அது. இந்த வழக்கம் பிற்பாடு மோசடிக்காரர்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது அது செய்த முக்கியமான மாற்றம் வேகமோ தோற்றமோ அல்ல என்று எனக்குத் தோன்றும். கேட்காமலே அப்டேட் செய்ததுதான். அடுத்த ஆண்டே, சூரிச்சிலுள்ள இடிஹெச் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபான் ஃப்ரையும் கூகுளின் தாமஸ் டியூபெண்டார்ஃபரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிய பதிப்பு வந்த 21 நாளுக்குள் எத்தனை பேர் அதற்கு மாறியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். குரோமில் 97 சதவீதம். கேட்டுவிட்டு அப்டேட் செய்த ஃபயர்ஃபாக்ஸில் 85. தானே போய் இறக்கி நிறுவ வேண்டியிருந்த அன்றைய ஓபெராவில் 24 சதவீதம் மட்டுமே. மனிதர்கள் அதே மனிதர்கள்தான். அவர்களிடம் எத்தனை வேலை வாங்கப்பட்டது என்பதில்தான் வித்தியாசம். மற்ற பிரவுசர்களும் மெல்ல மெல்ல இந்த வழிக்கே வந்தன.

அப்புறம் வேகம் கூடியது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்த குரோம் பதிப்பு, 2021 செப்டம்பரில் 94ஆம் பதிப்போடு நான்கு வாரமானது. 2023 ஆகஸ்டில் 116ஆம் பதிப்பிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வாரந்தோறும் வரத் தொடங்கின. கடைக்காரர் 'தினமும் கேட்கிறது' என்று சலித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். சென்ற வார அப்டேட்டைத் தள்ளிப்போட்டவருக்கு இந்த வார அப்டேட்டும் வந்து நிற்கும், அறிவிப்பு மறைய இடைவெளியே இருக்காது.

வாரந்தோறும் என்று ஏன் மாற்றினார்கள்? குரோம், எட்ஜ், ஓபெரா, பிரேவ் எல்லாம் குரோமியம் என்ற ஒரே திறந்த மூலநிரலின் மேல் கட்டப்பட்டவை. திறந்த மூலநிரல் என்றால் யாரும் பார்க்கலாம். ஒரு பாதுகாப்பு ஓட்டையைச் சரிசெய்யும் திருத்தம் முதலில் அந்தப் பொது மூலநிரலில் சேர்கிறது. சோதனை எல்லாம் முடிந்து நம் கணினிக்கு வர நாள் பிடிக்கிறது. அந்த இடைவெளியில், கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் திருத்தத்தைப் படித்து, 'ஓகோ, இங்கே ஓட்டை இருந்திருக்கிறது' என்று கண்டுபிடித்து, இன்னும் திருத்தம் போய்ச் சேராத கணினிகளைத் தாக்கலாம். வீட்டுப் பூட்டு பழுது என்று தெருவிலேயே அறிவித்துவிட்டு, புதுப் பூட்டு வரக் காத்திருப்பது போன்ற நிலை. இந்த இடைவெளி குரோம் 77க்கு முன் சராசரியாக 35 நாள் இருந்தது, பிறகு சுமார் 15 நாளாகக் குறைந்தது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அதை இன்னும் சுருக்கத்தான் வாராந்தர அப்டேட்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறுவனம் தன் பக்கத்து நாட்களை எவ்வளவு குறைத்தாலும், கடைசிப் பகுதி நம் கையில் இருக்கிறது. அப்டேட் இறங்கிய பிறகு நாம் மூடித் திறக்காமல் ஓட்டும் ஒவ்வொரு நாளும் அதே இடைவெளியின் நீட்சிதான். அதனால்தான் அது நச்சரிக்கிறது.

2023 செப்டம்பரில் நடந்ததைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். வெப்பி என்று ஒரு பட வடிவம் உண்டு. நாம் பார்க்கும் செய்தித் தளங்களிலும் கடைத் தளங்களிலும் நிறையப் படங்கள் இந்த வடிவத்தில் வருகின்றன. சுருக்கப்பட்ட படத்தை விரிக்க, ஹஃப்மன் அட்டவணை என்ற ஒன்றை நிரல் நினைவகத்தில் கட்டும். வேண்டுமென்றே கோணலாகச் செய்யப்பட்ட ஒரு படத்தைக் கொடுத்தால், அந்த அட்டவணை தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும் என்பதுதான் ஓட்டை. எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம், படம் திரையில் வந்தாலே போதும். ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் செப்டம்பர் 6 அன்று கூகுளுக்குத் தெரிவித்தன. 11ஆம் தேதி குரோமுக்குத் திருத்தம் வந்தது. மறுநாளே ஃபயர்ஃபாக்ஸுக்கும் வந்தது, ஏனென்றால் அதற்குள்ளும் படத்தை விரிக்கும் அதே நிரல்தான். ஓட்டை ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டு வருகிறது என்று அறிவிப்பிலேயே கூகுள் எழுதியிருந்தது. ஐந்து நாளில் அவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள். செப்டம்பர் கடைசி வரை 'பிறகு' அழுத்தியவர்களுக்கு அந்த ஐந்து நாள் வேகத்தால் ஒரு பலனும் இல்லை.

ஃபயர்ஃபாக்ஸின் பாதை

ஃபயர்ஃபாக்ஸ் நீண்ட காலம் பயனரைக் கேட்டுத்தான் எதையும் செய்தது. அதில் ஒரு மரியாதை இருந்தது. ஆனால் விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் 'இந்த நிரல் கணினியில் மாற்றம் செய்யலாமா?' என்று விண்டோஸும் தன் பங்குக்குக் கேட்கத் தொடங்கியது. ஒரே வேலைக்கு இரண்டு பேர் அனுமதி கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? 2012இல் 12ஆம் பதிப்போடு பின்னணியில் இயங்கும் ஒரு சர்வீஸைச் சேர்த்து அந்த இரண்டாவது கேள்வியை எடுத்தார்கள். 2021இல் 90ஆம் பதிப்பிலிருந்து, ஃபயர்ஃபாக்ஸ் மூடியிருக்கும்போதும் விண்டோஸில் அப்டேட் நடக்கும்படி செய்தார்கள்.

நடுவில் 2018இல் ஒரு சச்சரவு. அமைப்புகளில் அதுவரை இருந்த 'அப்டேட் பார்க்கவே வேண்டாம்' என்ற தேர்வை 63ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். தெரிந்தே பழைய பதிப்பில் இருக்க விரும்பியவர்களுக்கு அதன் பிறகு அறிவிப்பு ஓயாமல் வந்தது. பாலிசி என்ற, நிர்வாகிகளுக்கான அமைப்பு வழியாக மட்டும் நிறுத்த முடியும் என்று ஆயிற்று. என் கணினியில் என்ன ஓட வேண்டும் என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்டதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். தங்களுக்குப் பிடித்த எக்ஸ்டென்ஷன்களும் தோற்றமும் அப்டேட்டில் காணாமல் போன அனுபவம் அவர்களுக்கு இருந்தது. பாதுகாப்புத் திருத்தத்தையும் தோற்ற மாற்றத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தருவதால்தான் இந்தக் கசப்பு வருகிறது. இரண்டையும் பிரித்துத் தருவதற்கு ஒரு வழி ஃபயர்ஃபாக்ஸிடமே இருக்கிறது: ஈஎஸ்ஆர் என்ற நீண்டகாலப் பதிப்பு. பெரிய மாற்றங்கள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மாதந்தோறும். நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டது என்றாலும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அடிக்கடி மாறும் தோற்றம் பிடிக்காதவர்களுக்கு, அறிவிப்பை முடக்குவதைவிட இது நல்ல வழி என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அப்டேட்டை முடக்கியவர்களை இன்னொரு திசையிலிருந்தும் சிக்கல் வந்து பிடித்தது. எக்ஸ்டென்ஷன்கள் உண்மையானவையா என்று சரிபார்க்க ஃபயர்ஃபாக்ஸுக்குள் டிஜிட்டல் சான்றிதழ்கள் உண்டு, அவற்றுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. 2019 மே 4 அன்று அப்படி ஒரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க எக்ஸ்டென்ஷன்கள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அது ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் தவறு, விரைவில் திருத்தமும் தந்தார்கள். 2025 மார்ச் 14 அன்று மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான ஒரு வேர்ச் சான்றிதழ் முடிந்தபோது முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். 128க்கு முந்தைய பதிப்பில் இருந்தவர்கள், ஈஎஸ்ஆரில் 115.13க்கு முந்தையதில் இருந்தவர்கள் அப்டேட் செய்தாக வேண்டியிருந்தது.

உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனி அனுபவம். 22.04 பதிப்பிலிருந்து அங்கே ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற பொட்டல வடிவில்தான் வருகிறது. வேலை நடுவில், 'ஃபயர்ஃபாக்ஸுக்கு அப்டேட் காத்திருக்கிறது, இடையூறு வேண்டாமென்றால் மூடுங்கள், இன்னும் 13 நாள்' என்று ஓர் அறிவிப்பு வரும். சரி என்று மூடித் திறந்தால் சிறிது நேரத்தில் மறுபடியும் அதே அறிவிப்பு. காரணம் இதுதான்: ஸ்னாப் ஒரு நாளில் நான்கு முறைதான் அப்டேட் பார்க்கும். நீங்கள் மூடியிருந்த அந்தப் பத்து வினாடி அதன் முறையில் வரவில்லை என்றால் ஒன்றும் நடக்காது. ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு, டெர்மினலில் ஸ்னாப் ரீஃப்ரெஷ் கட்டளையை நாமே கொடுத்தால் உடனே முடிந்துவிடும். பிற்காலப் பதிப்புகளில் மூடியவுடன் தானே அப்டேட் ஆகும்படி இதைச் சரிசெய்தார்கள்.

எது உண்மையான அறிவிப்பு

இதுவரை சொன்னதெல்லாம் பிரவுசரோ சிஸ்டமோ கேட்பது. ஆனால் 'உங்கள் பிரவுசர் பழையதாகிவிட்டது' என்று இணையப் பக்கங்களும் கேட்கின்றன. ஆபத்து இங்கேதான்.

மக்களை இதற்குப் பழக்கியது மோசடிக்காரர்கள் மட்டும் அல்ல. இணையப் பக்கங்களில் வீடியோவும் விளையாட்டும் ஓட்டத் தேவைப்பட்ட ஃபிளாஷ் பிளேயரும் ஜாவாவும் கோலோச்சிய நாட்களில் வாரத்துக்கு ஒரு அப்டேட் பெட்டியாவது திரையில் வந்து நிற்கும். ஜாவா அப்டேட்டோடு ஆஸ்க் டூல்பாரும், ஃபிளாஷோடு மெக்காஃபியின் ஸ்கேன் நிரலும் டிக் அடித்த நிலையிலேயே கூட வரும். கவனிக்காமல் அடுத்து அடுத்து என்று அழுத்தியவரின் பிரவுசரில் மறுநாள் தெரியாத தேடுபொறி உட்கார்ந்திருக்கும். அப்டேட் என்ற சொல்லின் மேல் நம் பெற்றோர் தலைமுறைக்கு வந்த அவநம்பிக்கை அங்கே முளைத்தது, அது நியாயமான அவநம்பிக்கை. 2020 டிசம்பர் 31ஓடு ஃபிளாஷ் முடிந்தது. அதனால் இன்று ஃபிளாஷை அப்டேட் செய்யச் சொல்லி எது கேட்டாலும் அது பொய்.

இப்போது இருப்பதில் மிகத் தந்திரமானது சோக்கோலிஷ் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கும் மோசடி. கள்ளத் தளம் எதையும் இவர்கள் கட்டுவதில்லை. நல்ல தளங்களுக்குள், நீங்கள் வழக்கமாகப் போகும் தளமாகக்கூட இருக்கலாம், புகுந்து ஒரு சிறு நிரலை ஒட்டிவிடுகிறார்கள். அது நீங்கள் குரோமில் வந்தீர்களா, ஃபயர்ஃபாக்ஸிலா, எட்ஜிலா என்று பார்த்து, அந்தப் பிரவுசரின் நிறத்திலும் எழுத்திலுமே ஒரு அப்டேட் பக்கத்தை விரிக்கிறது. எல்லோருக்கும் காட்டாது, ஒரு முறை காட்டியவருக்கு மறுபடி காட்டாது. அதனால் தள உரிமையாளர் சோதித்தால் ஒன்றும் தெரியாது. அழுத்தினால் வருவது பெரும்பாலும் ஒரு ஜிப், அதற்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. கணினியில் இறக்கி டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் அதைச் சாதாரண நிரல் போலவே ஓட்டிவிடும். அதன் வழியாகக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரை வந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த எளிய சோதனை, அறிவிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. முகவரிப் பட்டைக்குக் கீழே, இணையப் பக்கம் தெரியும் பகுதிக்குள் இருந்தால் அதை எழுதியது அந்தத் தளம். தளத்துக்கு உங்கள் பிரவுசரை அப்டேட் செய்யும் அதிகாரம் கிடையாது. மெனுவிலிருந்தோ முகவரிப் பட்டையின் ஓரத்திலிருந்தோ தொங்கினால் அது பிரவுசருடையது. ஃபயர்ஃபாக்ஸ் டேப்பிலேயே காட்டும் ரீஸ்டார்ட் பக்கம் இதற்கு விலக்கு. ஆனால் அது எதையும் டவுன்லோடு செய்யச் சொல்லாது. சந்தேகம் இருந்தால் அந்த அறிவிப்பைத் தொடவே வேண்டாம். மூன்று புள்ளி மெனுவில் 'ஹெல்ப்', அதில் 'அபவுட் கூகுள் குரோம்'. அங்கே போனால் பிரவுசர் தானே பார்த்து, புதியதா பழையதா என்று சொல்லிவிடும். ஃபயர்ஃபாக்ஸுக்கும் எட்ஜுக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான். ஆண்ட்ராய்டு போனில் குரோம் அப்டேட் பிளே ஸ்டோர் வழியாகத்தான் வரும். ஆப்பை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பை இறக்கச் சொன்னால் அங்கேயே மூடிவிடுங்கள்.

திரையின் வலது கீழ் மூலையில் எந்நேரமும் எட்டிப்பார்க்கும் 'அப்டேட் செய்யுங்கள், வைரஸ் இருக்கிறது' வகை வேறு. எப்போதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டபோது 'அலவ்' அழுத்தியதன் விளைவு அது. அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். எங்கள் வீட்டுப் பெரியவர்களின் கணினிகளில் நான் அதிகமாகச் சுத்தம் செய்திருப்பது இதைத்தான்.

செய்த பிறகும் கேட்டால்

சரி, ஜெராக்ஸ் கடைக்கு வருவோம். அங்கே இருந்த அறிவிப்பு உண்மையான குரோம் அறிவிப்பு, அவரும் ரீலாஞ்ச் செய்துகொண்டுதான் இருந்தார். பிறகும் ஏன்?

முதலில் சந்தேகப்பட்டது, விண்டோவை மூடினாலும் குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை. விண்டோஸில் அப்படி ஒன்று உண்டு, எல்லா விண்டோவையும் மூடினாலும் நிரல் சாகாது. மேக்கில் இது இயல்பே. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் விண்டோதான் மூடும், 'குவிட்' கொடுக்க வேண்டும். ஆனால் கடைக் கணினியில் அந்த அமைப்பு அணைந்தே இருந்தது. டிஸ்க் நிரம்பியிருக்கிறதா, கணினியின் தேதி தவறா என்றும் பார்த்தேன். இரண்டுமே அப்டேட்டைத் தடுக்கும். இரண்டும் சரியாக இருந்தன. அலுவலகக் கணினி என்றால், மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் எத்தனை நாளில் கட்டாயமாக ரீலாஞ்ச் ஆக வேண்டும் என்பதை ஐடி பிரிவு வைத்திருக்கும், நாம் செய்ய ஒன்றும் இல்லை. இங்கே அதுவும் கிடையாது.

கடைசியில்தான் ஒன்றைக் கவனித்தேன். கணினியில் இரண்டு விண்டோஸ் கணக்குகள் இருந்தன. காலையில் வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஒன்று, கடைக்காரருக்கு ஒன்று. ஆள் மாறும்போது அவர்கள் லாக் அவுட் செய்வதில்லை, 'சுவிட்ச் யூசர்' கொடுத்து மாறிக்கொள்வார்கள். அந்தப் பெண்ணின் கணக்கில் திறந்துவைத்த குரோம் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. இருவருக்கும் நிறுவப்பட்டிருப்பது ஒரே குரோம். வேறு யாரும் அதைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதியானால்தான் காத்திருக்கும் புதிய நிரல் பழையதின் இடத்துக்கு வரும். அவர் தன் பக்கம் எத்தனை முறை ரீலாஞ்ச் செய்தாலும் நடக்காததற்கு அதுதான் காரணம். இரண்டு கணக்கிலும் குரோமை மூடி, ஒன்றை லாக் அவுட் செய்து, மறுபடி திறந்தோம். அபவுட் பக்கத்தில் பதிப்பு எண் மாறியது. இப்போது இரவு கடை சாத்தும்போது கணினியை ஷட் டவுன் செய்துவிடுகிறார்கள், காலையில் திறந்ததும் புதிய குரோம்தான் வருகிறது. வேலை நேரத்தில் அறிவிப்பு வந்தாலும் அவர் கவலைப்படுவதில்லை, இரவில் முடிந்துவிடும் என்று தெரியும்.

அந்தக் கடையில் இன்னொரு கணினி உண்டு. ஸ்கேன் செய்யவும் பிரிண்ட் எடுக்கவும் வைத்திருக்கும் விண்டோஸ் 7. அதில் வரும் செய்தி வேறு மாதிரி: இனி குரோம் அப்டேட் வேண்டுமென்றால் விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110, விண்டோஸ் 7ஐயும் 8.1ஐயும் கைவிட்டது. அவற்றுக்குக் கடைசிப் பதிப்பு 109. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் இந்தச் செய்தி போகாது. பாலிசி ஒன்றை வைத்து அதை மறைக்க முடியும், ஆனால் மறைத்துவிட்டால் அந்தக் கணினி பழையது என்பதே அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மறந்துபோகும். அந்த விண்டோஸ்களுக்காக ஃபயர்ஃபாக்ஸ் தன் ஈஎஸ்ஆர் 115ஐ வைத்துக்கொண்டு, நிறுத்தும் கெடுவைப் பல முறை தள்ளிப்போட்டது. அவகாசம் தருகிறதே தவிர அது தீர்வாகாது. 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், இதே நிலைக்கு இன்னும் நிறையக் கணினிகள் வரப்போகின்றன.

புதிய கணினி வாங்கக் கடைக்காரருக்கு இப்போது வசதி இல்லை. லினக்ஸ் போடலாம் என்று பார்த்தோம், அந்தப் பழைய ஸ்கேனர் ஒத்துழைக்கவில்லை. அதனால் பணம் கட்டுவது, ஆதார் எண் போடுவது, யாருடைய பாஸ்வேர்டாவது அடிப்பது எல்லாம் அப்டேட் ஆன கணினிக்கு மாற்றிவிட்டோம். விண்டோஸ் 7 கணினியின் நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, ஸ்கேன் செய்ததைப் பென்டிரைவில் எடுத்து இந்தப் பக்கம் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிறது. "பரவாயில்லை தம்பி, ஆடிக்கு அப்புறம் ஒரு செகண்ட் ஹேண்ட் பாக்கலாம்" என்றார்.